கோலாலம்பூர்ல ஒரு அறை வீடு



திருவிழா அறிவிப்புன்னு நினைச்சுத் திறந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். இது வீட்டு வாடகை விஷயம். கோயில் பக்கத்துல இது எதுக்குன்னு தோணலாம். நம்ம கோயிலுக்கு வர்ற குடும்பங்கள்ல நிறையப் பேருக்கு ஒரு பிள்ளையாவது கேஎல்ல வேலை செய்யுது. தீபாவளிக்கும் தீமிதிக்கும் வருது, பால்குடம் எடுக்குது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுது. அங்க எங்க தங்குதுன்னு நாம கேட்கிறதில்ல. கேட்டாலும் "ரூம்ல இருக்கேன் மாமா"ன்னு ஒரே வரியில முடிச்சிடும்.

இந்த வருஷம் என் பெரிய மகளுக்கு வீடு தேடி ரெண்டு மாசம் அலைஞ்சோம். அதுல பார்த்ததையும் கேட்டதையும் எழுதுறேன். நீளமா இருக்கும், பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க.

மகள் கேஎல்ல ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்துல வேலை செய்யுறா. ஷிப்ட் வேலை. முதல் வருஷம் சிரம்பான்ல இருந்து கொமியூட்டர்ல போய் வந்தா. திரோய், லாபு, நீலாய், பத்தாங் பெனார், பாங்கின்னு ஒவ்வொண்ணா நின்னு நின்னு கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ராத்திரி ஷிப்ட் முடியுற நாள்ல அவ அம்மா போனைக் கையில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. அப்புறம் நாலு பொண்ணுங்களோட ஒரு வீட்டுல ரூம் எடுத்தா. ஆளுக்கு ஒரு ஷிப்ட். பகல்ல இவ தூங்கும்போது இன்னொருத்தி சமைப்பா, வேற ஒருத்தி போன்ல பேசுவா. விளக்கு ஏத்த ஒரு மூலை கிடையாது. வேற மதத்துப் பிள்ளைங்களும் இருக்கிற வீட்டுல ஊதுபத்தி கொளுத்துறது சரியில்லன்னு அவளே விட்டுட்டா. ஒன்றரை வருஷம் கழிச்சு, "அப்பா, ஒரு அறை இருந்தாலும் தனி வீடா பார்த்துக் கொடுங்க, வாடகை நான் கட்டிக்கிறேன்"ன்னு கேட்டா.

சரின்னு சொல்லிட்டேன். எனக்கு வயசு ஐம்பது தாண்டிடுச்சு, ஒரு தொழிற்சாலையில அறுபது பேரை மேய்க்கிறேன், ஆனா அதுவரைக்கும் ஒரு வீட்டைக்கூட வாடகைக்கு எடுத்ததில்ல. எங்க அப்பாவும் எடுத்ததில்ல, தாத்தாவும் எடுத்ததில்ல. தோட்டத்துல பிறந்தவங்களுக்கு இது புரியும். நமக்கு வீடு வேலையோட வந்தது. லயத்துல ஒரு கூடம், ஒரு அறை, பின்னால அடுப்பங்கரை. வாடகையும் இல்ல, டெபாசிட்டும் இல்ல, ஒப்பந்தமும் இல்ல. காலையில பெரட்டுக்குப் போற வரைக்கும் அது உன் வீடு. போறதை நிறுத்தினா சாவியைப் பெரிய கிராணிகிட்ட கொடுத்துடணும்.

அப்பாவுக்கு 55 ஆனப்போ அந்தப் பிரச்சினை எங்களுக்கும் வந்துச்சு. குடும்பத்துல ஒருத்தராவது வேலைக்குப் பேர் கொடுத்தாத்தான் வீடு. எங்க அண்ணன் மூணாம் படிவத்தோட பள்ளியை விட்டுட்டு மரம் வெட்டப் போனார். படிப்பு வராம இல்ல, என்னைவிட நல்லாப் படிப்பார். வீட்டைக் காப்பாத்தத்தான் போனார். அந்த வீட்டுல உட்கார்ந்துதான் நான் எஸ்.பி.எம். முடிச்சேன். வாடகை இல்லாத வீடுன்னு யாராவது சொன்னா எனக்கு அண்ணன் முகம்தான் ஞாபகம் வரும்.

தோட்டத்து வீட்டுக்கும் சட்டம் உண்டு. தொழிலாளர் வீடுகளோட குறைந்தபட்சத் தரம் பத்தி 1990ல ஒரு சட்டம் வந்துச்சு, 446ஆம் எண். தண்ணி, விளக்கு, கழிவறை எல்லாம் எப்படி இருக்கணும்னு அதுல இருக்கு. 2019ல திருத்தி, 2020 ஜூன்ல இருந்து தொழிற்சாலை விடுதிகளையும் அதுக்குள்ள கொண்டுவந்தாங்க. எங்க தொழிற்சாலையில இருக்கிற நேப்பாளத் தம்பிங்களும் வங்காளதேசத் தம்பிங்களும் இப்போ அந்த மாதிரி விடுதியிலதான் இருக்காங்க. வேலை போனா கட்டிலும் போயிடும். அவங்க பெட்டியைக் கட்டுறதைப் பார்க்கிறப்போ லயத்து வாசல்தான் கண்ணுல வரும்.

அப்புறம் தோட்டம் கைமாறினது, செம்பனை போய் தாமான் வந்தது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல. சிரம்பான், நீலாய் பக்கம் இன்னைக்குக் கடைவீடும் டோல் சாவடியுமா இருக்கிற எத்தனையோ இடம் நம்ம ஆளுங்க வாளி தூக்கின இடம். அம்மாவோட கோயிலும் அடுத்தவங்க நிலத்துலதான் இருந்துச்சு. பட்டா கிடையாது, வாய்வார்த்தைதான். இப்போ இருக்கிற இடத்துக்கு அம்மாவைத் தூக்கிட்டு வந்தப்போ கூட வந்தவங்க இதைப் படிக்கிறவங்கள்ல நிறையப் பேர் இருக்கீங்க.

வீடு தேட முதல்ல போனது பிரிக்பீல்ட்ஸ். மகள் வேலைக்குப் பக்கம், கோயில் பக்கம், இட்லி தோசைக்குக் குறையில்ல. அந்த ஊர்ப் பேரே செங்கல் சூளையால வந்தது. 1881ல கேஎல்ல பெரிய தீ, அதே வருஷம் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மரமும் போதும், இனி செங்கல்லும் ஓடும்தான்னு வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டார், சூளைகள் இங்க வந்துச்சு. அப்புறம் ரயில்வே வந்துச்சு, ரயில்வேயோட நம்ம ஆளுங்களும் குவார்ட்டர்ஸும் வந்துச்சு. அங்கயும் வேலையோட வந்த வீடுதான்! 2001ல கேஎல் சென்ட்ரல் திறந்தாங்க. 2010 அக்டோபர்ல லிட்டல் இந்தியான்னு பெரிய விழா எடுத்து, நம்ம பிரதமரும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்து திறந்து வச்சாங்க. இப்போ அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கிற உயரத்துக்குக் கொண்டோ.

அந்தப் பெரிய ரோட்டுக்குப் பேர் ஜாலான் துன் சம்பந்தன். கார் நிறுத்த இடம் தேடிச் சுத்தி வர்றப்போ அந்தப் பேர்ப்பலகை திரும்பத் திரும்பக் கண்ணுல பட்டுச்சு. இளைய பிள்ளைங்களுக்காகச் சொல்றேன். தோட்டங்களைத் துண்டு போட்டு வித்து நம்ம ஆளுங்க வீதிக்கு வந்த காலத்துல, 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சவர் அவர். தொழிலாளிங்ககிட்டயே பத்துப் பத்து வெள்ளியா சேர்த்து, தோட்டத்தை நாமளே வாங்குவோம்னார். முதல் தோட்டம் கெடாவுல வாங்கினாங்க. எங்க தாத்தாவும் பங்கு போட்டிருந்தார், அந்தச் சின்னப் புத்தகம் இன்னும் அலமாரியில இருக்கு. வேலையோட போயிடாத வீடு வேணும்னு நினைச்ச மனுஷர். அவர் பேர் வச்ச ரோட்டோரம் நின்னுக்கிட்டு என் மகளுக்கு ஒரு அறை வீட்டோட வாடகையைக் கேட்டேன். 1,800 வெள்ளி, கார் நிறுத்துறதுக்குத் தனி.

நாட்டுல குறைந்தபட்சச் சம்பளம் 2025ல இருந்து 1,700 வெள்ளி. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. என் மகளுக்கு அதைவிட அதிகம்தான். ஆனா பாதிக்கு மேல வாடகைக்கே போனா மீதியில என்ன சாப்பிடுவா? பிரிக்பீல்ட்ஸை விட்டுட்டு, கொமியூட்டர் பாதையிலயே கீழ இறங்கி வந்து தேடலாம்னு முடிவு பண்ணினோம்.

இதுக்கு அப்புறம்தான் நான் எழுத வந்த விஷயமே.

போன் பண்றப்போ நான் எல்லாத்தையும் ஒரு நோட்டுல குறிச்சேன். தொழிற்சாலைப் பழக்கம், ரிஜெக்ட் வந்தா எதனால வந்துச்சுன்னு எழுதி வைக்கணும். ரெண்டு மாசத்துல 31 வீட்டுக்குப் பேசினோம். சிலது ஏற்கனவே போயிடுச்சு, சிலது படத்துல ஒண்ணு நேர்ல ஒண்ணு. மத்த நிறைய வீடுகளுக்கு எதிர்ல நான் ஒரே எழுத்துதான் எழுதியிருக்கேன்: "இ". இந்தியர்னு தெரிஞ்சதும் பேச்சு முடிஞ்ச வீடுகள்.

சில விளம்பரத்துல வெளிப்படையாவே போட்டிருக்கும், இன்ன இனம் மட்டும், இந்தியர் வேண்டாம்னு. அது பரவாயில்லன்னு எனக்குத் தோணிச்சு, நேரம் மிச்சம். மத்தது வேற மாதிரி. ஏஜெண்டு தேனா பேசுவார், வீடு காலியா இருக்கு, நாளைக்கே வாங்கம்பார். கடைசியில "சோரி ஆஸ்க் ஆ, யூ வாட் ரேஸ்?" மகள் சொல்லுவா. ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்"ம்பார். அதுக்கப்புறம் போன் வராது. ஒரு தடவை மகள் போனை வச்சுட்டு, "அப்பா, என் இங்கிலீஷைக் கேட்டுச் சைனீஸ்னு நினைச்சிருப்பாங்க போல"ன்னு சிரிச்சா. நான் சிரிக்கல.

சட்டம் இருக்கான்னு பார்த்தேன். நம்ம அரசியலமைப்புச் சட்டத்துல எட்டாவது பிரிவு எல்லாரும் சமம்னு சொல்லுது. ஆனா அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆள் தன் வீட்டை யாருக்குக் கொடுக்கிறார்ங்கிறதுல அது தலையிடாது. வாடகை வீடுகளுக்குன்னு தனிச் சட்டம் கொண்டுவரணும்னு வீடமைப்பு அமைச்சு பல வருஷமா பேசிக்கிட்டிருக்கு. ஒரு காலத்துல லண்டன்லயும் சன்னல்ல கறுப்பர் வேண்டாம்னு அட்டை மாட்டியிருந்தாங்க. நிறத்தைப் பார்த்து வீடு மறுக்கக் கூடாதுன்னு இங்கிலாந்துல சட்டம் வந்தது 1968ல. அமெரிக்காவுலயும் அதே 1968தான், மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்ட அடுத்த வாரமே கையெழுத்தாச்சு. சட்டம் வந்ததும் மனசு மாறிடும்னு நான் சொல்லல. வாசல்ல இருந்து அட்டையாவது இறங்கும்.

இதுவரைக்கும் படிச்சவங்க, மத்த இனத்தாரைப் பத்தித்தான் சொல்றேன்னு நினைச்சிருப்பீங்க. நோட்டுல பதினேழாவது வீடு நம்ம ஆளோடது. வாட்ஸ்அப்ல பத்துமலை முருகன் படம். எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. தமிழ்ல பேசினேன். அவரும் மரியாதையாத்தான் பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் நம்ம ஆளுங்களுக்குக் கொடுக்கிறதில்ல. பட்டது போதும்."

என்ன பட்டார்னு கேட்டேன். சொன்னார். ஒரு குடும்பம் அஞ்சு மாச வாடகை கொடுக்காம, கரண்டு பில்லை ஆயிரக்கணக்குல ஏத்தி வச்சுட்டு, ராத்திரியோட ராத்திரியா போயிட்டாங்களாம். கதவுக் கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சாம். பொய் சொல்றவர் மாதிரி தெரியல. அந்த வீட்டுக்கு வங்கிக் கடனை அவர்தான் கட்டுறார். அவர் கோபம் நியாயமானது. நான் ஒண்ணுதான் கேட்டேன். "தம்பி, அந்தக் குடும்பம் சீனக் குடும்பமா இருந்திருந்தா, இனிமே சீனருக்கே கொடுக்கமாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா?" கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அது வேறண்ணே"ன்னார்.

எப்படி வேறன்னு எனக்கு இன்னும் புரியல. எங்க வேலையில ஒரு லாட் கெட்டுப்போய் வந்தா, அந்த சப்ளையரை அன்னைக்கே விரட்டமாட்டோம். அடுத்த லாட்டைப் பிரிச்சுப் பார்ப்போம், அளந்து பார்ப்போம், எங்க பிரச்சினைன்னு கேட்போம். வாடகைக்கு வர்றவங்களையும் பார்க்க வழி இருக்கு. மூணு மாச சம்பளச் சீட்டைக் கேளுங்க, முன்னால இருந்த வீட்டுக்காரர் நம்பரைக் கேளுங்க, வேலை இடத்துக்குப் போன் பண்ணுங்க. இதையெல்லாம் கேட்டா யாரும் கோவிச்சுக்கமாட்டாங்க. நாங்க எல்லாத்தையும் பைல்ல போட்டு எடுத்துக்கிட்டுத்தான் சுத்தினோம், பைலைத் திறக்கத்தான் யாரும் சொல்லல.

கடைசியில கிடைச்சது சாலாக் செலாத்தான் பக்கம். பழைய கட்டடம், ரெண்டு லிப்டுல ஒண்ணுதான் ஓடுது. ஒரு அறை, ஒரு கூடம், சன்னல் வழியா ரயில் பாதை தெரியும். 1,100 வெள்ளி. வீட்டுக்காரம்மா எழுபது வயசு சீன ஆன்டி. சம்பளச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கிட்டு வரி வரியா படிச்சாங்க. "நைட் ஷிப்டா? அப்ப பகல்ல பக்கத்து வீட்டுக்காரன் டிவி சத்தம் கேட்கும், முன்னாலயே சொல்லிட்டேன்"னாங்க. சாமி கும்பிடுவியான்னு கேட்டாங்க. மகள் தயங்கித் தயங்கி ஆமான்னா. "நானும் ஊதுபத்தி கொளுத்துறவதான். சன்னலைத் திறந்து வச்சுக் கொளுத்து, சீலிங் கறுப்பாயிடும்." அவ்வளவுதான் அவங்க நிபந்தனை. கறிக் குழம்பு வாசனை பத்தி ஒரு பேச்சில்ல.

இப்போ பணக் கணக்கு. பிள்ளைங்களை அனுப்புற அப்பா அம்மா இதைக் கவனமா படிங்க. வழக்கம் என்னன்னா ரெண்டு மாச வாடகை டெபாசிட், அரை மாசம் தண்ணி கரண்டுக்கு, அதோட முதல் மாச வாடகை. 1,100க்கு 2,200, 550, 1,100. மொத்தம் 3,850 வெள்ளி, சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாலயே. கட்டில், மெத்தை, அடுப்பு தனி. பிள்ளைக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னு சந்தோஷப்படுறோம், முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னால இந்தப் பணத்துக்கு எங்க போகும்னு யோசிக்கிறதில்ல. சில பிள்ளைங்க வட்டிக்காரன்கிட்ட போறது இந்த இடத்துலதான். நகையை வச்சாவது நீங்க கொடுங்க, அங்க போக விடாதீங்க.

ஏஜெண்டா இருந்தா கழுத்துல அட்டை இருக்கும், அதுல பதிவு எண் இருக்கும். அதைத் தேடிப் பார்த்துட்டு பேசுங்க. வீட்டை நேர்ல பார்க்காம புக்கிங் பணம்னு ஒரு காசு போடாதீங்க. படத்தைக் காட்டிப் பணத்தைப் பிடுங்குற கும்பல் நிறைய இருக்கு.

ஒப்பந்தம் எழுதி, கட்டாயம் முத்திரை போடணும். வருமானவரி வாரியத்துலதான், இப்போ கணினியிலேயே செய்யலாம். ஒரு வருஷ ஒப்பந்தம்னா வருஷ வாடகையில 250 வெள்ளிக்கு ஒரு வெள்ளி கணக்கு. மகளுக்கு 13,200க்கு 53 வெள்ளி வந்துச்சு, நகலுக்குப் பத்து வெள்ளி. இந்த அறுபத்துச் சொச்ச வெள்ளியை மிச்சம் பிடிக்கிறவங்க நிறையப் பேர். நாளைக்கு டெபாசிட் தகராறு வந்து கோர்ட்டுக்குப் போனா முத்திரை இல்லாத தாளை ஏத்துக்கமாட்டாங்க. 5,000 வெள்ளி வரைக்கும் உள்ள தகராறுக்கு வக்கீல் இல்லாமலேயே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், நம்ம பிள்ளைங்க டெபாசிட் பெரும்பாலும் அதுக்குள்ளதான் வரும்.

உள்ளே போற அன்னைக்கே சுவர், கதவு, குழாய், ஏர்கோன், கழிவறை எல்லாத்தையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிடுங்க. மீட்டரைப் படம் எடுங்க. ஏர்கோன் கெட்டா யார் செலவு, டெபாசிட் எத்தனை நாள்ல திரும்பும், இதெல்லாம் தாள்ல இருக்கணும். இன்னொண்ணு, வாடகைக்கு இருக்கிறவங்களைக் கோர்ட்டு உத்தரவு இல்லாம வீட்டுக்காரர் பூட்டை மாத்தி வெளியேத்த முடியாது. 1950ஆம் வருஷத்துச் சட்டத்துல இருக்கு. இது எனக்கு இந்த வயசுலதான் தெரியும். லயத்துல ஒரு வாய்வார்த்தைக்குப் பாத்திரம் பண்டத்தை வண்டியில ஏத்தின குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன்.

குடி போன அன்னைக்கு நம்ம கோயில் விபூதியும் ஒரு சின்ன அம்மன் படமும் எடுத்துட்டுப் போனோம். அண்ணனையும் கூப்பிட்டுப் போனேன். பால் காய்ச்சினோம். ஆன்டியும் வந்து நின்னாங்க. பால் பொங்கி வழிஞ்சதும், "அய்யோ, அடுப்பு புதுசு, தீயைக் குறைங்க"ன்னு பதறிட்டாங்க. வழியணும், அதுக்குத்தான் காய்ச்சுறதுன்னு என் மனைவி தனக்குத் தெரிஞ்ச மலாய்ல விளக்கினாங்க. அண்ணன் ஒண்ணும் பேசல. ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மகள் பேர் போட்டிருக்கிற பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தார்.

இதை நம்ம கமிட்டியில பேசினேன், ஒத்துக்கிட்டாங்க. கோயில் ஆபிஸ்ல ஒரு நோட்டு வச்சிருக்கோம். கேஎல், பாங்கி, காஜாங் பக்கம் உங்களுக்கு வீடோ ரூமோ இருந்து, வாடகைக்கு விடுறதா இருந்தா, இடம், வாடகை, என்ன எதிர்பார்க்கிறீங்கன்னு அதுல எழுதுங்க. வீடு தேடுற பிள்ளைங்க சம்பளச் சீட்டு, ஐ.சி. நகலோட வரணும். குடும்பத்தை எங்களுக்குத் தெரியும்னா கோயில் பேர்ல ஒரு கடிதம் கொடுப்போம். வாடகைக்குக் கோயில் ஜாமீன் இல்ல, அதைத் தெளிவா சொல்லிடுறேன். தெரிஞ்ச பிள்ளைன்னு மட்டும்தான் எழுதுவோம். வாடகை பாக்கி வச்சுட்டு ஓடினா அடுத்த பிள்ளைக்கு அந்தக் கடிதம் செல்லாதுன்னு கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுப்போம். ஏற்கனவே அடி பட்ட வீட்டுக்காரங்க இருந்தா நீங்களும் வாங்க, எந்த மாதிரி ஆளைக் கேட்கணும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

செவ்வாய், வெள்ளி பூஜை முடிஞ்சு ஒன்பது மணி வரைக்கும் நான் இருப்பேன். மத்த நாள்ல ஷிப்ட் பார்த்துத்தான். இதை எழுதுற வரைக்கும் நோட்டுல ரெண்டு வீடு, செந்தூல்ல ஒண்ணு, காஜாங்ல ஒண்ணு. தேடுற பிள்ளைங்க ஏழு பேர்.